தண்ணீருக்கும் வரவு செலவு

வீட்டுக்கு வரவு செலவு எழுதுகிறோம். கூலி எவ்வளவு வந்தது, அரிசிக்கு எவ்வளவு போனது என்று பார்க்கிறோம். தண்ணீருக்குக் கணக்கு எழுதுகிறோமா?

மகாராஷ்டிர மாநிலத்தில் ஹிவரே பஜார் என்ற கிராமம் இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 400 மில்லிமீட்டர், அதாவது 40 சென்டிமீட்டர் மழைதான் பெய்யும். முன்பு பிழைக்க வழியில்லாமல் பலர் ஊரை விட்டுப் போனார்கள். 1990-க்குப் பிறகு நிலைமை மாறியது. ஊராட்சித் தலைவர் போபட்ராவ் பவாரும் ஊர்மக்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். மலைச்சரிவில் குழி வெட்டினார்கள். மரம் நட்டார்கள். தடுப்பணை கட்டினார்கள். கிணற்றில் நீர் ஏறியது.

இதுவரை மற்ற ஊர்களும் செய்திருக்கின்றன. நீர் ஏறியதும் ஆளாளுக்கு மோட்டார் போட்டு இறைத்தால் என்ன ஆகும்? கிணறு மறுபடி வற்றும். ஹிவரே பஜார் மக்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

மழை முடிந்ததும் அங்கே கணக்குப் பார்க்கிறார்கள். எவ்வளவு மழை பெய்தது? கிணறுகளில் எவ்வளவு நீர் இருக்கிறது? பிறகு கிராமசபை கூடுகிறது. மனிதருக்கும் மாட்டுக்கும் முதல் பங்கு. மிச்சத்தைப் பார்த்துத்தான் என்ன பயிர் வைப்பது என்று முடிவு செய்கிறார்கள். பயிருக்கு ஆழ்துளைக் கிணறு போடத் தடை. கரும்புக்கும் தடை.

கரும்பு நல்ல காசு தரும் பயிராயிற்றே, ஏன் தடை? கணக்குப் போடுவோம்.

ஒரு ஏக்கரில் 1 சென்டிமீட்டர் உயரம் நீர் நின்றால், அது சுமார் 40,000 லிட்டர். கரும்பு விளைந்து முடிய, மழையும் பாசனமும் சேர்த்துச் சுமார் 200 சென்டிமீட்டர் நீர் வேண்டும்.

40,000 × 200 = 80 லட்சம் லிட்டர்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று வைப்போம். 1,000 பேர் உள்ள ஊருக்கு ஓர் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி லிட்டர். இரண்டரை ஏக்கர் கரும்புக்கும் அதே 2 கோடி லிட்டர்! சோளத்துக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் நீர் போதும்.

கரும்பு போட நினைத்தவருக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும். ஆனால் கணக்கு எல்லோர் முன்னாலும் இருக்கிறது. வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்த்துச் சொன்னதாக யாரும் பேச முடியாது.

நீங்களும் தொடங்கலாம். கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் விடுங்கள். விளிம்பிலிருந்து நீர் எத்தனை அடி கீழே இருக்கிறது? மாதம் ஒருமுறை அளந்து, தேதியுடன் நோட்டில் எழுதுங்கள்.

இன்னொரு கணக்கு. உங்கள் ஊரில் எத்தனை பேர்? அதை 55-ஆல் பெருக்குங்கள். வந்த விடையை 365-ஆல் பெருக்குங்கள். உங்கள் ஊருக்கு ஓர் ஆண்டுக்கு வேண்டிய நீர் எத்தனை லிட்டர்?