அழுக்காறாமை முதற் புகழ் வரை

அழுக்காறு என்பது பிறருடைய ஆக்கத்தைக் கண்டவிடத்து அதனைப் பொறுக்கமாட்டாத உளநிலை. பொறாமை என்னும் சொல்லே அதன் இயல்பை விளக்கி நிற்கின்றது. பொறுத்தல் இன்மையே பொறாமை. பிறருடைய சுமை நம் தோளில் ஏறாதிருக்கவும், அவர்தம் உயர்வு மாத்திரம் நமக்குச் சுமையாகிவிடும் விந்தையை இச்சொல் காட்டுகின்றது. புதிதாகத் தொழில் தொடங்கி முன்னேற விழையும் நம் இளைஞரை இக்குற்றம் பெரிதும் வருத்தும் காலம் இது. ஆதலின் அதன் தோற்றத்தையும், போக்கையும், அதனை நீக்கும் வழியையும் ஈண்டு ஆராய்வோம்.

நமது கல்லூரி போன்றதொரு கல்லூரியில் ஒரே வாங்கில் இருந்து பயின்ற இளைஞர் இருவரைக் கருத்திற் கொள்வோம். ஒருவர் வடமராட்சியிற் பனங்கட்டியும் ஒடியல் மாவும் பொதிசெய்து விற்கும் தொழிலைத் தொடங்குகின்றார். மற்றவரும் அத்தொழிலையே செய்கின்றார். ஆயின் தம் பொருள்களைப் பற்றி யூரியூபிலும் இன்ஸ்ரகிராமிலும் காணொளிகளை வெளியிடுகின்றார். சில திங்களுக்குள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் நம்மவர் பல்லாயிரவர் அவரைப் பின்தொடர்கின்றனர். முன்னவருடைய பனங்கட்டி தரத்திற் குறைந்ததன்று. அவருடைய விற்பனையும் நேற்றிருந்த அளவே இன்றும் இருக்கின்றது. எனினும் அவருக்கு உறக்கம் வருவதில்லை. நள்ளிரவிலும் கைத்தொலைபேசியைத் திறந்து நண்பருடைய பார்வையாளர் தொகையைப் பார்க்கின்றார். அவர் இழந்தது யாது? யாதுமில்லை. ஒன்றும் இழவாதவன் இழந்தவனைப் போல வருந்துவதே அழுக்காற்றின் தனி இயல்பாகும்.

இவ்வருத்தம் ஒத்தாரிடையே பிறப்பது. பருத்தித்துறையிற் சிறு கடை வைத்திருப்பவர் அமெரிக்கப் பெருஞ்செல்வரை எண்ணி ஏங்குவதில்லை. அடுத்த கடையிற் கூட்டம் கூடினால் மனம் புழுங்குவர். வயதாலும் இடத்தாலும் நிலையாலும் நமக்கு அணித்தாயிருப்பவர் மீதே பொறாமை எழுமென்று கிரேக்க அறிஞர் அரிஸ்ரோட்டில் தமது அணியியல் நூலிற் கூறினார். மனிதர் தம் தகைமையைத் தம்மையொத்தவரோடு ஒப்பிட்டே மதிப்பிடுகின்றனர் என்னும் கொள்கையை 1954ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலறிஞர் லியோன் பெஸ்ரிங்கர் வகுத்துரைத்தார்.

முன்னாளில் ஒத்தாரின் சிறப்பைக் கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் கண்டோம். இன்று நாழிகைதோறும் காண்கின்றோம். அன்றியும், புகழ் இன்று எண்ணிக்கையாகிவிட்டது. 2009ஆம் ஆண்டில் முகநூல் ‘விருப்பம்’ தெரிவிக்கும் பொத்தானை அமைத்த பின், ஒருவரை எத்தனை பேர் பாராட்டினர் என்பது ஊரறிய எழுதப்படுகின்றது. பிறர் இடுவனவற்றைத் தாம் பேசாதிருந்து பார்த்துக்கொண்டே இருப்பவருக்குப் பொறாமை மிகுந்து வாழ்க்கை நிறைவு குன்றுகின்றது என்பதை ஜேர்மனியில் முகநூலைப் பயன்படுத்துவோரிடையே நிகழ்ந்து 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. நண்பர் காட்டும் படத்தில் அவர் பெற்ற பாராட்டு உண்டு. திரும்பி வந்த பொதிகளும் வங்கிக் கடனும் அதில் இல்லை. நம் வாழ்வை முழுமையாகவும் அவர் வாழ்வை அரைகுறையாகவும் வைத்து நிறுத்தால் தராசு எங்ஙனம் நேர்நிற்கும்?

இனி, இக்குற்றம் செல்லும் வழியைத் திருக்குறளின் வைப்புமுறையே நமக்குக் கற்பிக்கின்றது. பரிமேலழகர் கொண்ட முறையில், பொறையுடைமை 16ஆம் அதிகாரம்; அதனை அடுத்து அழுக்காறாமை; பின்னர் வெஃகாமை, புறங்கூறாமை, பயனில சொல்லாமை, தீவினையச்சம் என்பன முறையே வருகின்றன. பொறை தளர்ந்தவிடத்து அழுக்காறு புகும். அழுக்காறு முதிர்ந்தால் பிறர் பொருளை வௌவும் எண்ணம் எழும்; நண்பருடைய பொதியின் வடிவையும் பெயரையும் களவாக எடுத்தாளத் தோன்றும். அது கைகூடாவிடின் நாவானது புறங்கூறத் தொடங்கும். ‘அவன் விற்பது கலப்படம்’ என்னும் பேச்சு இவ்வாறே பிறக்கின்றது. பின்னர் நாள் முழுதும் பயனில்லாத சொல்லிற் கழியும். ஈற்றில் தீவினைக்கு அஞ்சும் அச்சமும் அகலும். இவற்றைக் கடந்தவர்க்கே ஒப்புரவும் ஈகையும் வாய்க்கின்றன. அவற்றின் பின், இல்லறவியலின் முடிவாக, 24ஆவது அதிகாரமாய் நிற்பது யாது? புகழ். புகழை விரும்பிப் புழுங்குபவர் அப்புகழை அடையும் வழியின் தொடக்கத்திலேயே தடுக்கி வீழ்கின்றார் என்பது இவ்வைப்பிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடமாகும்.

அங்ஙனமாயின் பிறர் உயர்வு கண்டு உள்ளம் அசைவது முற்றும் தீதோ? 1658 முதல் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தரின் மொழியிலே இவ்வுணர்ச்சிக்கு இரு சொற்கள் உள. ஒன்று, அவரைப்போல நாமும் உயரவேண்டும் என்னும் ஏக்கம். மற்றது, அவர் தாழவேண்டும் என்னும் காய்ச்சல். ரில்பேர்க் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில் இவ்விரண்டும் வெவ்வேறு உணர்ச்சிகளே என்று காட்டினர். முன்னது ஊக்கமாய் மாறத்தக்கது. பின்னது உடையவரையே அரிப்பது. ஏக்கத்தைக் காய்ச்சலாக விடாது ஊக்கமாகத் திருப்புவதே நாம் செய்யத்தக்கது.

இதற்கு அயலிலேயே சான்று உண்டு. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஒரே துறையில் உழைத்தவர்கள். செல்லரித்த ஏடுகளிலிருந்து பழந்தமிழ் நூல்களை மீட்டு அச்சேற்றியவர்கள். சீவகசிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பித் தாமோதரம்பிள்ளை கேட்டதையும், தாம் அதற்கு இசையாததையும் ஐயரவர்கள் ‘என் சரித்திரம்’ என்னும் நூலில் எழுதியுள்ளார்கள். பிள்ளையவர்களோ வயதில் மூத்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். 1885இலேயே தொல்காப்பியப் பொருளதிகாரத்தைப் பதிப்பித்தவர். 1887இல் ஐயருடைய சிந்தாமணி வெளிவந்தது. அதே ஆண்டிற் பிள்ளையின் கலித்தொகையும் வெளிவந்தது. 1889இல் பிள்ளை சூளாமணியைத் தந்தார். ஐயர் பத்துப்பாட்டைத் தந்தார். 1901ஆம் ஆண்டிற் பிள்ளையவர்கள் மறைந்தபோது ஐயர் இரங்கற் செய்யுள் இயற்றினார். அவர்கள் உள்ளத்தில் எது எழுந்திருப்பினும், வெளிவந்தவை நூல்களே. ஒருவர் புகழால் மற்றவர் புகழ் அணுவளவும் குறைந்ததில்லை. தமிழுலகம் இருவராலும் செல்வம் பெற்றது.

இனி இளந்தொழிலாளர் கைக்கொள்ளத்தக்கன சில கூறுவோம். முதலாவது, உள்ளத்தில் எழுந்தது பொறாமையே என்று தமக்குள் ஒப்புக்கொள்ளல்; அதற்கு ‘நியாயம்’, ‘தரம்’ என்று வேறு பெயர் சூட்டாதிருத்தல். இரண்டாவது, நண்பரிடத்துள்ளது எது நமக்கு வேண்டும் என்று தெளிதல். படம் பிடிக்கும் திறமையாயின் அது கற்கக்கூடியது. அவரிடமே சென்று கேட்கலாம். வெறும் ஆரவாரமாயின் அதனால் உலை கொதியாது. மூன்றாவது, எண்ண விரும்பினால் எண்ணத்தக்கதை எண்ணுதல்: மறுமுறை வந்து வாங்கியவர் எத்தனை பேர், திரும்பி வந்த பொதி எத்தனை, கூலி நிலுவையின்றிக் கொடுத்த மாதங்கள் எத்தனை என்பன தம் கணக்கேட்டிலேயே உள. 2021ஆம் ஆண்டில் இன்ஸ்ரகிராம் நிறுவனமே விருப்பத் தொகையை மறைத்துக்கொள்ளும் வசதியைத் தந்தது. அதனைப் பயன்படுத்துவதில் இழுக்கொன்றுமில்லை. நான்காவது, நண்பரை நாலுபேர் முன் வாய்திறந்து பாராட்டுதல். தொடக்கத்தில் இது கசக்கும். ஆயினும் புறங்கூறும் நாவை அடக்க இதனினும் சிறந்த மருந்து இல்லை. பெருகும் சந்தை இருவருக்கும் பொதுவன்றோ?

புதுமனை கட்டும்போது பிறர் கண்ணூறு படாதிருக்க வெருளி கட்டுகின்றோம், நீற்றுப்பூசணிக்காய் உடைக்கின்றோம். நம் கண் பிறர் ஆக்கத்தின் மேற் படுங்கால் நம்மைக் காப்பது யாது? நம் தொழிலில் நாம் வைத்த கருத்தொன்றே. நமது கல்லூரி ஒரே வகுப்பறையிலிருந்து பலரைப் பல திசைக்கு அனுப்பிற்று. அவருள் ஒருவர் உயரும்போது மற்றவர் மகிழ்வதே உடன்பயின்றமைக்கு அடையாளம். பழைய மாணவர் இளையோருக்கு இதனை நடந்து காட்டுக; இளையோர் அழுக்காறாமையிற் தொடங்கிப் புகழ் வரை நடப்பாராக.