நகையின் நிறமும் மாற்றும்: முலாம் பூசுதல் பற்றி ஒரு பாடம்

சிலமலை முதல் போடிமெட்டுச் சரிவு வரை ஏலத்தோட்டம் வைத்திருப்போரும், அத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்வோரும் போர்டோக் கலவையைச் சோதிக்கும் முறையை நன்கு அறிவர். மயில்துத்தம் ஒரு கிலோவும் சுண்ணாம்பு ஒரு கிலோவும் 100 லிட்டர் நீரில் கலந்த பின், துலக்கிய இரும்புக் கத்தி ஒன்றைச் சிறிது நேரம் அதில் அமிழ்த்தி எடுப்பர். கத்தியில் செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். அங்கு நிகழ்ந்தது என்ன? நீரில் கரைந்திருந்த செம்பு, இரும்பின் மேல் மெல்லிய படலமாக ஏறிக்கொண்டது. கத்தி செம்பாகி விட்டதா? இல்லை. சாணையில் ஒருமுறை இழுத்தால் பழைய இரும்பு தெரிந்துவிடும். நகைக்கு முலாம் பூசுதல் இந்தக் கத்திச் சோதனைக்கு ஒன்றுவிட்ட உறவுமுறை எனலாம். கத்தியில் தானே நிகழ்வது, நகையில் மின்சாரத்தின் உந்துதலால் நிகழ்கிறது.

மஞ்சள் நிறச் சங்கிலியை வெள்ளையாக்கலாமா, இப்போது கடைகளில் ‘ரோஸ் கோல்டு’ என்று விற்கும் செந்நிறமாக மாற்றலாமா, மாற்றினால் அடகு வைக்கும்போது மதிப்புக் குறையுமா என்று மகளிர் குழுக் கூட்டங்களில் நம்மிடம் கேட்கின்றனர். இதனை வெறும் அலங்கார ஆசை என்று தள்ளிவிட இயலாது. ஏலக்காய் விலை சரிந்த பருவத்திலும், மழை பொய்த்த ஆண்டிலும் நம் குடும்பங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்கு எடுத்துச் செல்லும் முதல் பொருள் நகையே. ஆகவே அதன் நிறத்தைப் பற்றிய ஐயம், விதைக்கும் உரத்துக்கும் உரிய பணத்தைப் பற்றிய ஐயமும் ஆகும்.

முதலில் நிறம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிதல் வேண்டும். சொக்கத் தங்கம் 24 காரட். அது மிகவும் மெதுவானது, அணிகலனாக உழைக்காது. எனவே செம்பும் வெள்ளியும் சேர்க்கின்றனர். 22 காரட் நகையில் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். மீதி 84 பங்கே கலப்பு. அக்கலப்பில் செம்பு மிகுந்தால் நகை சிவக்கும். வெள்ளி மிகுந்தால் வெளிறும். தங்கத்தின் பங்கைக் குறைத்துப் பலேடியம் அல்லது நிக்கல் சேர்த்தால் வெண்தங்கம் கிடைக்கும். ஆகவே ஒரே மாற்றுள்ள இரண்டு நகைகள் இரண்டு நிறத்தில் இருக்கக்கூடும். நம் முன்னோர் நிறத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்ளாமல் உரைகல்லைத் தேடியதன் காரணம் இதுவே. 1963-ஆம் ஆண்டில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்து, 14 காரட்டுக்கு மேற்பட்ட புது நகை செய்வது தடுக்கப்பட்டது. நிறமும் மாற்றும் குறைந்த அந்நகையை மக்கள் விரும்பவில்லை; பொற்கொல்லர் பலர் பிழைப்பிழந்தனர். அத்தடை 1966-இல் தளர்த்தப்பட்டது.

இனி முலாம் பூசும் முறை. தங்க உப்பு கரைந்த நீரைத் தொட்டியில் நிரப்பி, நகையை மின்சாரத்தின் எதிர்முனையிலும், வேறோர் உலோகத் தகட்டை நேர்முனையிலும் இணைப்பர். மின்சாரம் பாயும்போது நீரில் உள்ள தங்கம் நகையின் மேல் படியும். கரைசலில் செம்பு உப்பு சேர்த்தால் செந்நிறப் படலம் கிடைக்கும்; ரோடியம் என்ற உலோகத்தின் கரைசலானால் வெள்ளிபோல் ஒளிரும் படலம் கிடைக்கும். இத்தாலியரான புருக்னடெல்லி 1805-இல் மின்சாரத்தால் தங்கம் பூசிக் காட்டினார். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து எல்கிங்டன் குடும்பத்தார் 1840-இல் காப்புரிமை பெற்று அதைத் தொழிலாக்கினர். அதற்கு முன் தங்கத்தைப் பாதரசத்தில் குழைத்துப் பூசித் தீயில் காட்டுவதே வழக்கம். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர் நோயுற்று மாண்டனர்.

இப்படலத்தின் கனத்தை மைக்ரான் என்ற அளவால் குறிப்பர்; அது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 20 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு வளையலுக்கு அரை மைக்ரான் கனத்தில் பூசினால் ஏறும் தங்கம் சுமார் 19 மில்லிகிராமே. 8 கிராம் சவரனில் இது ஏறத்தாழ 400-இல் ஒரு பங்கு. முலாம் பூசிய பித்தளை நகையைத் ‘தங்கம் ஏறியது’ என்று சொல்லி அதிக விலை கேட்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

நிறம் மாற்றுவதால் நகையினுள் இருக்கும் தங்கத்தின் மாற்று குறைவதில்லை. ஆனால் எடை குறைய இடமுண்டு. முலாமுக்கு முன் நகையைச் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றுவர். அந்தத் தேய்மானப் பொடியில் தங்கம் இருக்கிறது. முத்திரையும் மழுங்கக்கூடும். விரலிலும் மணிக்கட்டிலும் உராயும் இடங்களில் படலம் முதலில் போகும்; அடியில் உள்ள மஞ்சள் தெரியும்; மறுபடி தேய்த்து மறுபடி பூச வேண்டும். தோட்ட வேலைக்கு அணிந்து செல்லும் நகைக்கு வேற்று நிறம் ஏற்றுவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் எடுத்து அணிவதாயின் அது அவரவர் விருப்பம்.

கவரிங் நகையைக் குறை சொல்வதற்கில்லை. கவரிங் என்று சொல்லி விற்பது நேர்மையான வாணிகம். களவுக்கு அஞ்சிப் பயணத்தில் அதை அணிவோர் பலர். ஆனால் செம்பு அல்லது பித்தளையின் மேல் நிக்கல் பூசி, அதன் மேல் தங்கம் பூசுவது உண்டு. தங்கம் தேய்ந்து நிக்கல் தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் கொப்புளமும் உண்டாகும். கழுத்தில் அவ்வாறு கண்டால் களிம்பு தேடுவதற்கு முன் சங்கிலியைக் கழற்றுவது நன்று.

மெருகு போடுவதாக வீடு தேடி வருவோரிடம் மிக்க எச்சரிக்கை தேவை. உப்புத் திராவகம் மூன்று பங்கும் வெடியுப்புத் திராவகம் ஒரு பங்கும் சேர்ந்த இராஜதிராவகம் தங்கத்தையே கரைக்கும். தாலிச் சங்கிலியை அதில் தோய்த்தெடுத்து, மஞ்சள்பொடி கலந்த நீரில் போட்டு, ‘அரைமணி நேரம் திறக்காதீர்கள், அம்மா’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவர். சங்கிலி பளபளவென்றிருக்கும், எடை மட்டும் குறைந்திருக்கும். கரைந்த தங்கம் அவர்கள் கொண்டு சென்ற நீரில் இருக்கிறது. ஆகவே எவரிடம் மெருகுக்குக் கொடுத்தாலும், கொடுக்குமுன்னும் வாங்கியபின்னும் கண்ணெதிரே நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

அடகுக்கு வருவோம். 2021-ஆம் ஆண்டு கூட்டுறவுச் சங்கங்களில் ஐந்து சவரன் வரையிலான நகைக்கடனைத் தள்ளுபடி செய்வதாகத் தமிழக அரசு அறிவித்தது. அதையொட்டி நடந்த ஆய்வில் சில சங்கங்களில் போலி நகைகள் அடகு வைக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. கதிர்வீச்சால் மாற்றுக் காணும் இயந்திரம் நகையின் மேற்புறத்தையே படிக்கும். கனத்த முலாம் அதை ஏமாற்றக்கூடும். உரைகல்லில் ஆழ உரைத்தல் அல்லது அரத்தால் சிறிது கீறிப் பார்த்தல் உள்ளே இருப்பதைக் காட்டும். நகையை நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு நிறுப்பதும் நல்ல முறை. 8 கிராம் 22 காரட் தங்கம் நீரில் சுமார் 0.45 கிராம் எடை இழக்கும். அதே எடையுள்ள பித்தளை 0.94 கிராம் இழக்கும். கல் பதித்த நகைக்கும், உள்ளே அரக்கு நிரம்பிய நகைக்கும் இக்கணக்கு பொருந்தாது. புது நகை வாங்குவோர், 2023 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்ட ஆறு இலக்க அடையாள எண்ணை முத்திரையோடு சேர்த்துப் பார்த்து வாங்குக. எழுத்தும் எண்ணும் கலந்த அதனை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கைப்பேசிச் செயலியில் சரிபார்க்கலாம்.

இறுதியாக ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு சொல். முலாம் பட்டறை வைக்க இளைஞர் எவரேனும் இடம் கேட்டு வந்தால், சிறுதொழில் என்று எண்ணி உடனே இசைந்து விடலாகாது. தங்க முலாம் தொட்டியில் பெரும்பாலும் சயனைடு உப்பு கலந்திருக்கும். அதன் மேல் திராவகம் பட்டால் உயிர் கொல்லும் வாயு எழும். எனவே இரண்டையும் ஓர் அறையில் வைப்பது தகாது. கழுவி ஊற்றும் நீரில் செம்பும் நிக்கலும் சயனைடும் உண்டு. மின்முலாம் பூசுதல் மாசு மிகுந்த சிவப்பு வகைத் தொழில்களுள் ஒன்று. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இன்றித் தொடங்க இயலாது. விண்ணப்பம் வந்ததும் உறுப்பினர் இருவர் நேரில் சென்று, கழிவு நீர் எந்த வாய்க்காலில் இறங்கும், அதன் கீழே எவருடைய கிணறு உள்ளது என்பதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அக்குறிப்பைத் தீர்மானத்தோடு இணைத்து அனுப்புதல் வேண்டும்.