கருவிப்பை கூறும் வரலாறு

பினாங்கு மாநிலத் தலைநகரான ஜார்ஜ்டவுனில் உள்ள லோரோங் கூலிட் சந்தை, பழம்பொருள்களுக்குப் பெயர் பெற்றது. காலை வேளையில் அங்குச் சென்றால், பழைய நாணயங்கள், கடிகாரங்கள், பீங்கான் தட்டுகள் ஆகியவற்றோடு துருவேறிய இரும்புக் கருவிகளும் குவிந்து கிடப்பதைக் காணலாம். பலர் அந்த இரும்புக் குவியலைத் திரும்பிப் பாராமல் கடந்து செல்வர். பழைய மகிழுந்தைப் பேணுவோர் மட்டும் அங்கேயே அமர்ந்து, ஒவ்வொரு ஸ்பேனரையும் துடைத்துப் பார்ப்பர். தங்கள் மகிழுந்து புதிதாக விற்கப்பட்டபோது அதனுடன் வழங்கப்பட்ட கருவிகளையே அவர்கள் தேடுகின்றனர்.

1985ஆம் ஆண்டில் புரோட்டான் சாகா வெளிவரும்வரை நம் நாட்டுச் சாலைகளில் வெளிநாட்டு வகை மகிழுந்துகளே ஓடின. அவற்றுள் புகழ்பெற்றது மோரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்த மகிழுந்து, 1948ஆம் ஆண்டில் இலண்டனில் அறிமுகமானது. பத்து இலட்சத்திற்கும் மேல் உற்பத்தியான முதல் பிரிட்டிஷ் மகிழுந்து என்னும் பெருமையும் இதற்கு உண்டு.

அக்காலத்தில் எல்லா ஊர்களிலும் பழுதுபார்க்கும் பட்டறைகள் இல்லை. வழியில் சக்கரம் காற்றிழந்தாலும் பொறி நின்றுபோனாலும் ஓட்டுநரே அதனைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஆகவே, நிறுவனங்கள் மகிழுந்துடன் ஒரு கருவிப்பையையும் வழங்கின. சுருட்டிக் கட்டக்கூடிய அந்தப் பையில் ஸ்பேனர்கள், குறடு, திருப்புளி, தீப்பொறிச் செருகியைக் கழற்றும் கருவி முதலியவை இருக்கும். அவற்றோடு ஜாக்கி, காற்றடிக்கும் பம்பு, பொறியைக் கையால் சுழற்றி இயக்க உதவும் இரும்புக் கைப்பிடி ஆகியவையும் பல மகிழுந்துகளில் இருந்தன.

மகிழுந்து கைமாறும்போது முதலில் காணாமற்போவது இந்தக் கருவிப்பைதான். ஒரு ஸ்பேனர் பட்டறையில் தங்கிவிடும்; மற்றொன்று வீட்டு வேலைக்குப் போய்விடும். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர், அவற்றை ஒன்றுசேர்க்க விரும்புபவர் முதலில் செல்ல வேண்டிய இடம் சந்தையன்று, மகிழுந்தின் கையேடு. அந்த வகை மகிழுந்துக்கு எந்த ஆண்டில் எந்தெந்தக் கருவிகள் வழங்கப்பட்டன என்பதைக் கையேட்டிலும் உதிரிபாகப் பட்டியலிலும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பட்டியல் இல்லாமல் தேடுபவர் கையில் கிடைப்பதையெல்லாம் வாங்கிச் சேர்த்துவிடுவார்.

அடுத்து, கருவியின் அளவை அறிய வேண்டும். பிரிட்டனில் ஜோசப் விட்வொர்த் 1841ஆம் ஆண்டில் திருகு மரைகளுக்குப் பொதுவான அளவுமுறை ஒன்றை வகுத்தார். பழைய பிரிட்டிஷ் ஸ்பேனர்கள் பலவும் இம்முறையைச் சார்ந்தவை. இவற்றில் பொறிக்கப்பட்டுள்ள எண் ஸ்பேனர் வாயின் அகலத்தைக் குறிப்பதில்லை. போல்ட்டுத் தண்டின் விட்டத்தையே குறிக்கிறது. எடுத்துக்காட்டாக, கால் அங்குல விட்வொர்த் ஸ்பேனரின் வாய் கால் அங்குலம் அன்று, 0.525 அங்குலம், அதாவது ஏறத்தாழ 13.3 மில்லிமீட்டர் ஆகும். அதற்குரிய நட்டில் இன்றைய 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் நுழையாது. 14 மில்லிமீட்டர் ஸ்பேனரோ தளர்வாக நின்று, நட்டின் முனைகளை மழுங்கச் செய்துவிடும். முனை மழுங்கிய நட்டைப் பின்னர்க் கழற்றுவது பெரும்பாடு. 1948ஆம் ஆண்டில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் ஒரே மரை அளவுக்கு உடன்பட்டன. அதன்பின், பிரிட்டிஷ் மகிழுந்துகளில் புதிய அளவு படிப்படியாக இடம்பெற்றது. எனவே, ஒரு மகிழுந்துக்குரிய ஸ்பேனர் அதே பெயருடைய மற்றொரு ஆண்டு மகிழுந்துக்குப் பொருந்தாமற்போகலாம்.

மூன்றாவதாக, கருவியின்மீதுள்ள எழுத்துகளைப் படிக்க வேண்டும். தயாரித்த நிறுவனத்தின் பெயரும் அளவும் பெரும்பாலும் இரும்பிலேயே பதிக்கப்பட்டிருக்கும். கருவியை வாங்கியதும் பளபளப்பாக்கும் ஆசையில் அரைவைச் சக்கரத்தில் தேய்த்தால், துருவோடு அவ்வெழுத்துகளும் போய்விடும். அதற்கு மாறாக, கருவியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மென்மையான பித்தளைத் தூரிகையால் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசினால் போதும். கடற்காற்றும் ஈரமும் மிகுந்த பினாங்கில் இந்த எண்ணெய்ப் பூச்சை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். பழைய ஜாக்கியைப் பொறுத்தவரை மேலும் கவனம் தேவை. அது காட்சிக்கு அழகாக இருக்கலாம். ஆனால், அதனை மட்டும் நம்பி மகிழுந்தின் அடியில் படுப்பது உயிருக்கே ஆபத்தாகும்.

எல்லாத் தேடலுக்குப் பின்னும் ஓரிரு கருவிகள் கிடைக்காமலே போகலாம். அப்போது சேகரிப்பாளரின் நேர்மைக்குச் சோதனை வருகிறது. அதே வடிவில் இன்று செய்யப்பட்ட மாற்றுக் கருவியை வாங்கி, துருப்பிடிக்கச் செய்து, பழையது எனக் காட்டுவது எளிது. பார்வையாளர் பாராட்டுவர், மகிழுந்தின் விலையும் கூடலாம். ஆயினும், நாளை அதே கருவியைப் பார்த்து, தம் கருவி அசலா போலியா என ஒப்பிட்டுப் பார்க்க வரும் மற்றொருவர் ஏமாந்துபோவார். ஒரு போலி பல பிழைகளுக்குத் தாயாகிவிடும். மாற்றுக் கருவியைப் பயன்படுத்துவது குற்றமன்று. அதனை மறைப்பதே குற்றம்.

எனவே, நல்ல சேகரிப்பாளர் கருவிப்பையோடு ஒரு குறிப்பேட்டையும் வைத்திருப்பார். எந்தக் கருவி மகிழுந்துடனேயே வந்தது, எது சந்தையில் கிடைத்தது, எது புதிதாகச் செய்யப்பட்டது, எது இன்னும் கிடைக்கவில்லை என்பன அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். பையில் ஓர் இடம் வெறுமையாக இருப்பது அவருக்குக் குறையாகத் தோன்றுவதில்லை.

பழம்பொருளைப் பேணுதல் என்பது அதனைப் பளபளப்பாக்கி வைப்பது மட்டுமன்று. அந்தப் பொருள் கூறும் உண்மையைச் சிதைக்காமல் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பதே உண்மையான பேணுதலாகும். துருவேறிய ஒரு சிறு ஸ்பேனரும் இந்தப் பாடத்தை நமக்குக் கற்றுத் தருகிறது.