நெசவாலைகளில் நிர்வாக முறை

வளரும் நாடுகளில் சிறு, நடுத்தரத் தொழில்கள் நலிவுறுவதற்கு மூலதனப் பற்றாக்குறையையே முதற்காரணமாகக் கூறுவது வழக்கம். நிர்வாக முறையின் பங்கு அத்துணை கவனிக்கப்படுவதில்லை. மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் பகுதிகளில், குடும்பத்தார் நடத்தும் 17 நெசவு நிறுவனங்களில் 2008இல் தொடங்கிய சோதனை இவ்வகையில் பெரிதும் பயனுள்ளது.

ஆய்வாளர்கள் கண்ட நிலை வியப்பிற்குரியதன்று. கிடங்கில் நூல் ரகம் பிரிக்கப்படாமல் குவிந்து கிடந்தது. இருப்புக் கணக்கு சரியாக இல்லை. தறிகள் பழுதடைந்த பின்னரே கவனிக்கப்பட்டன. துணியிலுள்ள குறைகள் முறையாகப் பதிவு செய்யப்படாமையால், குறை எந்தத் தறியில் தோன்றியது என்பதை அறிய வழியில்லை. எனினும் தங்கள் துணியின் தரம் அண்டை ஆலைகளுக்குக் குறைந்ததன்று என்றே உரிமையாளர்கள் கருதினர். அண்டை ஆலைகளின் நிலையும் அதுவே!

குலுக்கல் முறையில் தேர்ந்த ஆலைகளுக்கு ஐந்து மாதங்கள் இலவச ஆலோசனை வழங்கப்பட்டது. முதலாண்டிலேயே அவற்றின் உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது.

அவ்வாறாயின் இவை முன்னரே வளராதது ஏன்? வெளியாரிடம் பொறுப்பை ஒப்படைக்க உரிமையாளர்கள் தயங்கினர். ஆகவே, குடும்பத்து ஆண்மக்களின் எண்ணிக்கையைப் பொறுத்தே நிறுவனத்தின் அளவும் அமைந்தது.

2017இல் ஆய்வாளர்கள் மீண்டும் சென்றபோது, கைக்கொண்ட முறைகளில் ஏறத்தாழப் பாதி கைவிடப்பட்டிருந்தன. மேலாளர் மாறியதும், உரிமையாளருக்கு நேரமின்மையும் முக்கிய காரணங்களாகக் கூறப்பட்டன. ஆயினும் ஆலோசனை பெற்ற ஆலைகள் மற்றவற்றைவிட அப்போதும் முன்னணியிலேயே இருந்தன.