மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை என்றால்?

விடிவதற்குள் பழவேற்காட்டில் ஏலம் முடிந்துவிடும். ஐஸ் பெட்டியை டிவிஎஸ் எக்ஸ்எல்லின் பின்னால் வைத்து ரப்பர் டியூப்பால் இறுக்குகிறார்கள். உள்ளே மடவையும் இறாலும். ஐஸ் தண்ணீர் சொட்டுச் சொட்டாக நம்பர் பிளேட்டில் விழுகிறது. அது கரைவதற்குள் பொன்னேரி போய்ச் சேர வேண்டும். மீஞ்சூர் பக்கம் போகிறவர்கள் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து போகிறார்கள்.

இப்படித் தினமும் சாலையில் பிழைக்கும் நீங்கள், எதிரே வரும் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மீறினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை. அப்படியும் நாட்டில் பாதிக்கு மேற்பட்ட வண்டிகள் இன்சூரன்ஸ் இல்லாமல்தான் ஓடுகின்றன. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதால், 2018 செப்டம்பர் முதல் புது பைக்கோடு 5 வருட பாலிசி வருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 5 வருடம் முடிகிற நாளை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

அப்படி இன்சூரன்ஸ் இல்லாத ஒரு வண்டி உங்களை இடித்தால், மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் இழப்பீடு கொடுக்கச் சொல்லும். கொடுக்க வேண்டியவர் வண்டியின் உரிமையாளர். அவர் கையில் காசில்லை என்றால் தீர்ப்பு வெறும் காகிதமாகப் பீரோவில் கிடக்கும். இடித்துவிட்டு நிற்காமல் போனால் அரசு பணம் தருமே என்று சிலர் கேட்கலாம். தரும்: உயிரிழப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000. ஆனால் இடித்த வண்டி எது என்று தெரியாதபோது மட்டும். நம்பர் தெரிந்து, இன்சூரன்ஸ் இல்லாமல் இருந்தால் அந்தப் பணமும் கிடையாது.

அமெரிக்காவில் இதற்கென்றே தனிக் காப்பீடு விற்கிறார்கள். இங்கே நாம்தான் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதலில், உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு. 15 லட்சம் வரை. வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான். இடித்தவர் யார், அவருக்கு இன்சூரன்ஸ் உண்டா என்று இது பார்க்காது. மரணத்துக்கும் கை, கால், கண் இழப்புக்கும் பணம் தரும். எலும்பு முறிவுக்குத் தராது. ஆர்சி புத்தகமும் பாலிசியும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், லைசென்ஸும் செல்ல வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கி இன்னும் பழைய ஓனர் பெயரிலேயே ஓட்டுகிறவர்கள் இந்த வாரமே பெயர் மாற்றுங்கள். தம்பி எடுத்துப் போனால் உங்கள் பாலிசி அவருக்கு உதவாது.

பின் சீட்டில் அன்னக்கூடையோடு மனைவி உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் தடுமாறி விழுந்தால், வெறும் மூன்றாம் நபர் பாலிசி அவருக்கு ஒரு பைசா தராது. 2006இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. முழுமையான 'பேக்கேஜ்' பாலிசி எடுத்தால் பின்னால் இருப்பவருக்கும் பாதுகாப்பு உண்டு. பணம் கொஞ்சம் கூடத்தான் ஆகும். என் யோசனை, வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

இன்னொன்று, ஏஜென்ட் தானாகச் சொல்லமாட்டார்: சொந்த உபயோக வண்டியில் வியாபாரச் சரக்கு ஏற்றுவதைப் பாலிசியின் நிபந்தனை விலக்கி வைத்திருக்கிறது. ஐஸ் பெட்டியைக் காட்டி, "இதோடு விபத்தானால் கிளெய்ம் வருமா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். குட்டி யானையில் மீனோடு போகும் பெண்களுக்குச் சரக்கின் உரிமையாளர் என்ற முறையில் சட்டப் பாதுகாப்பு உண்டு. சரக்கில்லாமல் சும்மா ஏறிக்கொள்கிறவருக்கு அது கிடையாது.

மீனவர்களுக்கு மத்திய அரசின் குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது, மரணத்துக்கு 5 லட்சம். உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று மீன்வளத்துறை அலுவலகத்திலோ சங்கத்திலோ கேளுங்கள். வங்கியில் பிரதமர் சுரக்ஷா பீமா: வருடம் 20 ரூபாய், 2 லட்சம். 18 முதல் 70 வயது வரை சேரலாம், பின் சீட்டில் வருகிறவரும்தான். மே மாதக் கடைசி வாரத்தில் பிடித்தம் நடக்கும். அந்த வாரம் கணக்கில் 20 ரூபாய் கிடக்கட்டும்.