சுக்குக்கு மிஞ்சிய மருந்து உண்டு

'சுக்குக்கு மிஞ்சிய மருந்துமில்லை, சுப்பிரமணியருக்கு மிஞ்சிய தெய்வமுமில்லை' என்பார்கள். பழனி இருப்பது நம் திண்டுக்கல் மாவட்டத்தில். ஆகவே இரண்டாம் பாதியை நான் தொடப்போவதில்லை. முதல் பாதியை மட்டும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

நம்பிக்கை: இஞ்சியும் சுக்கும் ஒன்றுதான்.

உண்மை: ஏறக்குறைய ஐந்து கிலோ இஞ்சி காய்ந்தால்தான் ஒரு கிலோ சுக்கு. காயும்போது இஞ்சியின் காரப்பொருளான ஜிஞ்சராலில் ஒரு பகுதி ஷோகால் என்ற பொருளாக மாறுகிறது. இது அதைவிடக் காரம்.

நம்பிக்கை: சுக்கின் தோல் விஷம்.

உண்மை: சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்பது சித்த மருத்துவ வழக்கு. சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, கழுவி உலர்த்தி, தோலைச் சீவிய பிறகே மருந்தில் சேர்ப்பார்கள். ஆளைக் கொல்லும் நஞ்சு எதுவும் அந்தத் தோலில் இல்லை. மண்ணும் பூஞ்சையும் ஒட்டுகிற இடம் என்பதால் சீவுவது நல்லதுதான். ஆனால் மணமுள்ள எண்ணெய் தோலை ஒட்டியே அதிகம் இருக்கிறது. ஆழமாகச் சீவினால் சத்து தோலோடு போய்விடும்.

நம்பிக்கை: பிரியாணி தின்ற வயிற்றுக்குச் சுக்குமல்லிக் காபி நல்லது, கொழுப்பையும் கரைக்கும்.

உண்மை: பாதி சரி. 1.2 கிராம் இஞ்சிப்பொடி சாப்பிட்டவர்களுக்கு இரைப்பை சீக்கிரம் காலியானதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். குமட்டலுக்கும் இஞ்சி கேட்கும். கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு குடிக்கலாம். கொழுப்பு விஷயம் வெறும் ஆசை. அந்தக் காபியில் கரைவது கருப்பட்டி மட்டும்தான். சர்க்கரை நோயாளிகள் அதையும் கவனிக்க வேண்டும்.

நம்பிக்கை: பச்சைப்பிள்ளைக்கு உரைமருந்து கொடுத்தால் வயிறு உப்பாது.

உண்மை: சுக்கு, வசம்பு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் எல்லாவற்றையும் கல்லில் உரசி நாக்கில் தடவுவது பல வீடுகளில் இன்றும் நடக்கிறது. பாட்டிமார் கோபித்துக்கொள்ளக் கூடாது: ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, தண்ணீர்கூட வேண்டாம். உரசும் கல்லிலும் தண்ணீரிலும் என்ன கிருமி இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது. எத்தனை உரசில் எவ்வளவு மருந்து இறங்குகிறது என்பதற்கும் கணக்கில்லை.

நம்பிக்கை: எந்தக் காய்ச்சலுக்கும் சுக்குக் கஷாயம் போதும்.

உண்மை: தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவே. டெங்குவுக்கு அது மருந்தாகாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சுக்கை மருந்தளவில் எடுக்குமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். காய்ச்சல் மூன்றாம் நாளும் விடவில்லையென்றால் கஷாயச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.