பழைய மோட்டார் சைக்கிளில் காசை எங்கே போடுவது?

தோட்டப்புறத்தில் வியாபாரம் செய்யும் நம்மவர்கள் பலருக்கு மோட்டார் சைக்கிள்தான் கடை. மாவனல்லை, அரநாயக்கப் பக்கம் மிளகும் கராம்பும் பாக்கும் சேர்ப்பவர், தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கம் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் எடுப்பவர், பலாங்கொடை, இறக்குவானைத் தோட்டங்களில் லயத்துக்கு லயம் துணிமணி தவணைக்குக் கொடுப்பவர், எல்லோருடைய பிழைப்பும் இரண்டு சக்கரத்தில்தான் ஓடுகிறது. இரத்தினக்கல் வியாபாரியை இதில் சேர்க்க வேண்டியதில்லை. அவருடைய சரக்கு சட்டைப் பைக்குள் அடங்கிவிடும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய சைக்கிள்களுக்கும் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறக்கப்பட்டாலும், புதியது வாங்குவது சிறு வியாபாரிக்கு இலேசான காரியமல்ல. லீசிங் வட்டிக்குப் போக மனமில்லாதவருக்கு இருக்கும் வழி, 15, 20 வருடம் ஓடிய பஜாஜ் சீடீ 100 ஒன்றையோ அதைவிடப் பழைய ஹொண்டா சீடீ 125 ஒன்றையோ கைக்காசுக்கு வாங்கித் திருத்திக்கொள்வதுதான். வாங்குவது பிழையல்ல. காசை எந்த வரிசையில் செலவழிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கையில் நான்கு பங்கு காசு இருந்தால் மூன்று பங்குக்கே சைக்கிள் பாருங்கள். மீதி ஒரு பங்கு திருத்த வேலைக்கு. முழுக்காசையும் கொடுத்து வாங்கியவர் அடுத்த வாரமே சரக்கு முதலில் கை வைக்கிறார். அப்போது சைக்கிளும் பாதி, வியாபாரமும் பாதி.

வாங்குமுன் புத்தகத்தைப் பாருங்கள். அதிலுள்ள செஸி நம்பரும் எஞ்சின் நம்பரும் இரும்பில் வெட்டியிருப்பதோடு ஒத்திருக்க வேண்டும். 'ஓப்பன் பேப்பர்' என்று கையெழுத்து மட்டும் போட்டுத் தரும் சைக்கிள் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். உங்கள் பெயருக்கு மாறாத பொருளுக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாவும் அடுத்தவன் பொருளுக்குச் செலவழித்ததுதான். பின்பு எஞ்சினை மாற்றினாலோ நிறத்தை மாற்றினாலோ மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் பிரேக். இரத்தினபுரி நாட்டிலேயே மழை கூடிய ஊர்களில் ஒன்று, வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. டிரம் பிரேக்குக்குள் தண்ணீரும் சேறும் போனால் பிடிப்புக் குறையும். ஷூ இரண்டையும் மாற்றி, டிரம்மின் உட்புறம் தேய்ந்து வரம்பு விழுந்திருக்கிறதா என்று பாஸிடம் கேட்டுப் பாருங்கள். வரம்பு விழுந்த டிரம்முக்குப் புது ஷூ போட்டும் பயனில்லை. அடுத்தது டயர். பட்டன் தேய்ந்த டயரோடு கொங்கிரீட் பாதையில் இறங்குவதும் பாசி பிடித்த படியில் இறங்குவதும் ஒன்றுதான். பின்பு கோன் செட், சக்கர பெயாரிங், ஸ்விங் ஆர்ம் புஷ். இவை பெரிய செலவல்ல. ஆனால் சுமையோடு வளைவில் திரும்பும்போது சைக்கிள் ஆடுவதும் ஆடாமல் நிற்பதும் இவற்றில்தான் இருக்கிறது.

எஞ்சினை அவசரப்பட்டுக் கழற்றக் கூடாது. சில பாஸ்மார் சைக்கிளைக் கண்டவுடன் "எஞ்சின் இறக்க வேண்டும்" என்பார்கள். முதலில் ஒயில் மாற்றி, பிளக் போட்டு, காபரேட்டர் கழுவி, வால்வ் இடைவெளி சரிபார்த்து ஒரு வாரம் ஓடுங்கள். நீலப்புகை தொடர்ந்து வந்து, ஒயிலும் குறைந்து, கிக்கர் அடிக்கும்போது காலுக்கு எதிர்ப்பே தெரியாமல் இருந்தால்தான் போர் வேலை. அப்போதும் 0.25, 0.50 மில்லிமீற்றர் என்று படிப்படியாகத்தான் போர் பெரிதாக்க முடியும். முன்பு எத்தனை தரம் வெட்டியிருக்கிறது என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கடைசி அளவுக்கு வந்துவிட்ட சிலிண்டர் என்றால் செலவுக் கணக்கே வேறு.

மேட்டுக்கு இழுவை போதாதென்றாலும் எஞ்சினில் கை வைக்கத் தேவையில்லை. முன் ஸ்ப்ரொக்கட் 14 பல், பின்னுக்கு 42 பல் என்றால் விகிதம் 3. முன்னுக்கு 13 பல் போட்டால் அது 3.23 ஆகும். இழுவை நூற்றுக்கு எட்டு அளவில் கூடும். கொழும்புப் பாதையில் வேகம் கொஞ்சம் குறையும், பெற்றோல் சற்றுக் கூடும். தோட்டப் பாதையில் சுமை ஏற்றுபவருக்கு இது நல்ல பேரம். செயினும் இரண்டு ஸ்ப்ரொக்கட்டும் ஒன்றாகவே மாற வேண்டும். பழைய பல்லில் புதுச் செயின் சீக்கிரம் கெட்டுவிடும்.

இவற்றுக்கெல்லாம் பலன் உண்டா என்று கேட்பவர் 2022ஐ நினைத்துப் பார்க்கட்டும். கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடுபவருக்கு 180 கிலோமீற்றர் கிடைத்தது. பிரேக் உரசி, காபரேட்டர் அழுக்கேறி 35தான் ஓடியவருக்கு 140. அந்த 40 கிலோமீற்றர் பலருக்கு ஒரு நாள் சுற்று.

சுமை கட்டும் கெரியரைக் கடைசியில் வைக்கிறேன், ஆனால் அது சின்ன விஷயமல்ல. பின் சக்கர அச்சுக்கும் பின்னால் மூட்டை நீண்டால் ஏற்றத்தில் முன் சக்கரம் இலேசாகிவிடும், ஹேண்டில் சொல் கேட்காது. ஆசனத்தோடு ஒட்டி, இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்கும் இரும்புச் சட்டம் நல்லது. வெல்டிங் கடையில் செய்துகொள்ளலாம். செஸியோடு போல்ட்டில் பூட்டச் சொல்லுங்கள், செஸியில் வெல்டிங் பிடிக்க விட வேண்டாம். சூடு பட்ட இடத்தில் பின்பு வெடிப்பு விழும். பெயின்ட், ஸ்டிக்கர், ஆசன உறை எல்லாம் இதற்குப் பிறகு.

உதிரிப்பாகம் எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. மட்காட், டேங்க், விளக்குக் கூடு போன்றவற்றைப் பஞ்சிகாவத்தையில் பழையதாக எடுக்கலாம். பிரேக் ஷூ, செயின், கேபிள், டயர், டியூப் மட்டும் புதியதே வேண்டும்.

ஸகாத் கணக்கில் தொழிற்கருவி சேராது என்பதால் நம்மில் பலர் லாப நட்டக் கணக்கிலும் சைக்கிளை விட்டுவிடுகிறார்கள். ஒரு சின்னக் கொப்பியில் திகதி, மீற்றர் அளவு, செய்த வேலை, கொடுத்த காசு நான்கையும் எழுதுங்கள். வருடக் கடைசியில் கூட்டிப் பன்னிரண்டால் பிரித்தால் மாதச் செலவு வரும். அது சரக்கின் விலையில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

தோட்டங்களில் சம்பளம் பெரும்பாலும் மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டித்தான். தவணைக் காசு கைக்கு வருவது அந்த இரண்டு, மூன்று நாட்களில். அன்று சைக்கிள் கராஜில் நின்றால் அந்த மாத வசூல் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும், சில வேளை வராமலே போகும். ஆகவே சேர்விஸ் வேலையை 1ஆம் திகதிக்கும் 5ஆம் திகதிக்கும் இடையில் முடித்துக்கொள்ளுங்கள். பாஸுக்கும் அந்த நாட்களில் கூட்டம் குறைவு.